ஓரகத்தி வீட்டு மீட்டர்

மின்சாரம் அளக்க, மேசையில் வைக்கிற பெரிய மல்டிமீட்டர் எதற்கு என்று என் கணவர் கேட்டபோது நான் சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மை. கையில் பிடிக்கிற மீட்டரை நிமிர்த்தி வைத்தால் சரிந்து விழுகிறது. இரண்டு கையிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பொத்தானை என்ன, மூக்காலா அழுத்துவது? கொஞ்ச நேரம் ஓர் அளவைக் கவனிக்கலாம் என்று உட்கார்ந்தால், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அதுவாகவே அணைந்துவிடுகிறது. பேட்டரி தளர்ந்துவிட்டாலோ பொய் சொல்ல ஆரம்பிக்கும், அதையும் கூசாமல் சொல்லும். மேசை மீட்டர் அப்படியில்லை. சுவரிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டு வைத்த இடத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். கை மீட்டர் எட்டாத அளவை எல்லாம் எட்டும். இத்தனையும் சொன்னேன். சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றுதான். என் ஓரகத்தியிடம் ஒன்று இருந்தது.

"என்ற தம்பி ஊட்டுலதான் ஒண்ணு சும்மா கெடக்குதே. அங்க போயி அளந்துக்கலாமல்ல?" என்றார் அவர், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

அவருக்கு என்ன, சொல்லிவிட்டார். தம்பி வீடு அவருக்குத் தம்பி வீடு. எனக்கு அது அவள் வீடு. அந்த லிஃப்டில் ஏறும்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கல்யாணம் ஆனதும் புனேவுக்கு வந்து, வாகடில் வீடு வாங்கி, இருவரும் ஹிஞ்சவடிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தோம். மகள் பிறந்தபின் நான் வேலையை விட்டேன். வீட்டில் இருந்த சின்ன அறையில் ஒரு மேசை போட்டு, ஈயம் பற்றவைக்கும் கோல், கை மீட்டர், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு என்று வைத்துக்கொண்டு சில்லறை வேலைகள் செய்துகொண்டிருந்தேன். யாராவது சர்க்யூட் போர்டு வடிவமைத்துத் தரச் சொல்வார்கள், செய்து தருவேன். அப்படி வந்ததுதான் தானிய ஈரம் பார்க்கும் கருவி. மார்க்கெட் யார்டு பக்கம் கடை வைத்திருந்த ஒரு மராத்திக்காரர் கேட்டார். மூட்டைக்குள் இரண்டு ஊசிகளைக் குத்தினால் கோதுமை எவ்வளவு ஈரம் என்று சொல்ல வேண்டும். ஈரம் அதிகமானால் மின்சாரம் அதிகமாக ஓடும், காய்ந்திருந்தால் ஓடாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டம் இம்மியளவு என்பதால் போர்டு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் போர்டே கசிந்தால், காய்ந்த கோதுமையையும் ஈரம் என்று சொல்லிவிடும்.

மாதிரிகள் சரியாக வந்தால் மொத்த ஆர்டரும் எனக்கு என்றார் அந்த மனிதர். முழுக்க முழுக்க என் கையால் ஆன முதல் ஆர்டர். அது கிடைத்தால் அந்த அறை என் அறை. தட்டிப்போனால் மேசையைப் பிரித்துவிட்டு மறுபடி ஆபீசுக்குப் போவது என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. எனக்கு அந்த மேசை வேண்டும். சோறு இல்லாமல்கூட இருப்பேன், அது இல்லாமல் இருக்க மாட்டேன் என்கிற நிலைமையில் இருந்தேன்.

கசிவை அளக்க என் கை மீட்டரால் முடியாது. ஓர் எல்லைக்கு மேல் போனால் கைவிரித்துவிடும், திரையில் வெறும் எழுத்துதான் வரும். நல்ல போர்டும் எல்லைக்கு மேல், சுமாரான போர்டும் எல்லைக்கு மேல். ஆகவே போர்டுகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மகர்பட்டாவில் ஓரகத்தி வீட்டுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில்தான் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்வார், மகளைப் பள்ளி பஸ்ஸிலிருந்து கூட்டி வருவார். எனவே வெள்ளிக்கிழமைதான் என் மகர்பட்டா யாத்திரை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, டிரைவர் போடும் பாட்டையெல்லாம் கேட்டு, போய்ச் சேருவதற்குள் என் முகமே அதிரசம் மாதிரி ஆகிவிடும்.

அங்கே என் ஓரகத்தி குளித்து முடித்து, முடியை உலர்த்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள். "அரே, வாங்க அக்கா! டிராஃபிக் பஹுத் இருந்துச்சா?" என்பாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தமிழைக் கொஞ்சம் தடவித் தடவித்தான் பேசுவாள், இந்தியும் மராத்தியும் மட்டும் தண்ணி பட்ட பாடு. அவளும் என்னைப் போலவே எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்தான், என்னைப் போலவே வீட்டிலிருந்து சில்லறை வேலைகள் செய்கிறவள்தான். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் பரிசோதனைக்கூடத்தை மூடியபோது, பழைய சாமான்களை அங்கிருந்தவர்களுக்கே கொடுத்தார்கள். எல்லோரும் நாற்காலி, அலமாரி என்று அள்ளிக்கொண்டு போனபோது இவள் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கும் ஒரு அதிர்ஷ்டம் வேண்டுமே! நான் வேலை பார்த்த இடத்தில் எதையும் மூடவுமில்லை, கொடுக்கவுமில்லை.

பழைய மாடல். கனம். பச்சை எழுத்துகள். முன்பக்கம் வலது ஓரத்தில் கம்பி மாட்டுவதற்குப் பித்தளை முனைகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஓர் எண்ணைக் காட்டினால் கடைசி இலக்கம் வரை அசையாமல் நிற்கும். அந்த எண் நிற்கிற அழகை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். அவளோ அதன் தலைமேல் டீ கப்பை வைப்பாள். மேலே இளஞ்சூடாக இருக்குமாம், டீ ஆறாதாம்! என் வீட்டில் மட்டும் அது இருந்திருந்தால் பட்டுத்துணி போட்டு மூடியிருப்பேன். ஒரு பொருளின் அருமை தெரியாதவர்களிடம்தான் அது போய்ச் சேரும் போலிருக்கிறது என்று பொருமிக்கொண்டே அவள் கொடுத்த டீயைக் குடிப்பேன். அந்த டீயும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே போனது. மீட்டரில் எண் எவ்வளவு பெரிதாக வருகிறதோ அவ்வளவு கசிவு குறைவு என்று அர்த்தம். என் முதல் போர்டுகள் மிகப் பெரிய எண்களைக் காட்டின. அவள் அதைப் படம் எடுத்து ஆர்டர்காரருக்கு அனுப்பினாள். அங்கேதான் வந்தது வினை. படம் அவள் போனிலிருந்து போனதால் அவர் பதிலுக்கு அவளைக் கூப்பிட்டார். அவள் மராத்தியில் பேசினாள். என் இந்தியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த மனிதருக்குப் பால் வார்த்த மாதிரி இருந்திருக்கும். அதற்கப்புறம் எது கேட்பதானாலும் அவளைத்தான் கேட்டார். நான் அவருக்கு "மேடம்". அவள் "தாயி". மராத்தியில் அக்கா என்று அர்த்தம். போர்டு என்னுடையது, வடிவம் என்னுடையது, கண் எரிய எரியப் பற்றவைத்தது நான். மீட்டர் வைத்திருக்கிறவள் அக்கா ஆகிவிட்டாள்!

இந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது, கூடவே மாமியாரும் ஊரிலிருந்து வந்தார். மகர்பட்டா வீடு பெரிதென்பதால் பூஜை அங்கே. லேப்டாப், கத்தரிக்கோல், அரிவாள்மனை, மகளின் கணக்குப் புத்தகம் எல்லாம் வரிசையாக வந்தன. மாமியார் அந்த மீட்டரைத் தூக்கிவரச் சொல்லி நடுநாயகமாக வைத்தார். சாமந்தி மாலையைப் பாதியாக வெட்டி அதற்குப் போட்டார். சந்தனம், குங்குமம், அட்சதை. என் கை மீட்டர் அரிவாள்மனைக்குப் பின்னால் கிடந்தது. அதற்கு ஒரு பூ, அதுவும் உதிர்ந்து விழுந்த பூ. பெரிய மருமகள் நான். தேங்காய் உடைக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பூஜை முடிந்தபின்னும் மாமியார் அங்கேயே தங்கிவிட்டார். அதற்கப்புறம் நான் போன வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் அந்த மீட்டரில் புதுச் சந்தனப் பொட்டு இருந்தது. பன்னீர் விட்டுக் கரைத்த சந்தனம், நடுவில் குங்குமம். தினமும் வைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டில் வந்து தங்கியபோது என் மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "கரண்டு சாமானெல்லாம் இருக்குது, எனக்கெதுக்கம்மிணி" என்று கதவோடு திரும்பிவிடுவார். சின்ன மருமகள் வீட்டு மீட்டருக்கு மட்டும் நித்திய பூஜை! சொல்லி என்ன செய்ய, விழுங்கிக்கொண்டேன். எத்தனையைத்தான் விழுங்குவது?

விழுங்க முடியாத ஒன்று அடுத்து வந்தது. என் போர்டுகள் தோற்க ஆரம்பித்தன. மிகப் பெரிய எண் வர வேண்டிய இடத்தில் சிறிய எண் வந்தது. கசிகிறது என்று அர்த்தம். மழை இன்னும் முழுசாக விடவில்லை, ஈரக் காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து போர்டுகளைக் கழுவினேன், பால்கனியில் வடகம் மாதிரி வெயிலில் வைத்தேன், பூச்சு பூசினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தோற்றன. ஊசி முனைகளைத் தள்ளி வைத்துப் புதுசாக வடிவமைத்தேன். அதுவும் தோற்றது. வீட்டில் என் கை மீட்டர் எல்லாப் போர்டுகளுக்கும் எல்லைக்கு மேல், எல்லைக்கு மேல் என்று ஒரே பாட்டைப் பாடியது. அதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் வாதாட முடியும்? சொந்தமாக ஒரு மீட்டர் ஏன் வேண்டும் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மற்றவர்கள் வீட்டு மீட்டர் சொல்வதை மறுத்துப் பேச நமக்கென்று ஒன்று இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

ஆர்டர்காரர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், உங்க போர்டே ஈரமா இருக்கு. அப்புறம் அது கோதுமையோட ஈரத்தை எங்க சொல்லப்போகுது?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, தாயியையும் ஒரு போர்டு செய்து பார்க்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அளவுகளைப் பார்த்து யாருக்கு ஆர்டர் என்று முடிவு செய்வாராம்.

போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "ஹாங் அக்கா, சொன்னார். நான் வேணாம்னுதான் சொன்னேன். சும்மா ஒண்ணு பண்ணிப் பாருங்கன்னு ஜித் பண்ணார்" என்றாள். பிடிவாதம் பிடித்தாராம். உன் போர்டு எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். தயங்கிவிட்டுச் சொன்னாள். புதன்கிழமை அளந்ததாம். என் போர்டுகள் முன்பு காட்டிய அதே பெரிய எண். என் வடிவத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் மாற்றி, அவள் செய்த போர்டு பாஸ். நான் செய்தது பெயில். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பற்றவைக்கும் கோல் தேவையே இல்லை, விரலாலேயே ஈயத்தை உருக்கியிருப்பேன்.

"அவ பண்றா. வேணும்னே பண்றா" என்றேன் கணவரிடம்.

"என்ன பண்றா?"

"ஏதோ பண்றா! என்ற போர்டுக்கு ஒரு மாதிரி, அவ போர்டுக்கு ஒரு மாதிரி அளக்கறா."

"அந்தப் புள்ள அப்படியெல்லாம் பண்ணாது" என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவரோடும் நான் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது மாமியார். "வா அம்மிணி, வேர்த்துப் போயிருக்கியே" என்று துண்டை நீட்டினார். வாங்கிக்கொள்ளாமல் நேரே அவள் அறைக்குப் போனேன். மேசையில் மீட்டர், அதன்மேல் டீ கப், முன்பக்கம் ஈரம் காயாத பொட்டு. எல்லாம் வழக்கம்போல.

அவள் வழக்கம்போலவே இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாள். பூஜ்யம் காட்டியது. நாங்கள் எல்லோரும் அளப்பதற்கு முன் செய்கிற பழக்கம் அது, மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பிறகு என் போர்டில் வைத்தாள். சிறிய எண். இன்னொரு போர்டு. சிறிய எண். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் போர்டை எடு" என்றேன்.

"அக்கா?"

"உன்னோடதை எடு. என் கண்ணு முன்னாடி வை. இப்பவே அள. புதன்கிழமை நீ என்ன அளந்தியோ எனக்குத் தெரியாது. யார் பாத்தா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் சீட்டிங் பண்றேன்னு சொல்றீங்களா?"

"அளந்து காட்டுன்னு சொல்றேன்."

இழுப்பறையைத் திறந்து அவள் போர்டை எடுத்தாள். கம்பிகளை வைத்தாள். பச்சை எழுத்துகள் ஓடி வந்து நின்றன.

சிறிய எண். என் போர்டு காட்டிய அதே சிறிய எண்!

அந்த ஒரு நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திருவிழாதான். பெயில்! அவளும் பெயில்! அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் அதேதான். "யே கைஸே?" இது எப்படி என்று தனக்குத்தானே முனகினாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியதைப் பார்த்ததும்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. இரண்டு வேறு வேறு போர்டு. வேறு வேறு பூச்சு. வேறு வேறு கை. எப்படி ஒரே எண் வரும்? கம்பிகளை அவள் கையிலிருந்து வாங்கி, போர்டை விட்டு எடுத்துத் தனித்தனியாகப் பிடித்தேன். எதையும் தொடவில்லை. எண் போகவில்லை. கம்பிகளை மீட்டரிலிருந்தே பிடுங்கினேன். அப்போதும் போகவில்லை. எதையுமே அளக்காத மீட்டர், எதையோ அளந்துகொண்டிருந்தது. கம்பி முனைகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற எங்களுக்கு, பிரித்து வைத்தும் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

குனிந்து பார்த்தேன். இரண்டு பித்தளை முனைகளுக்கும் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. பன்னீர் கசிந்து இந்தப் பக்கம் ஒரு முனையையும் அந்தப் பக்கம் ஒரு முனையையும் நனைத்திருந்தது. கோதுமையில் ஈரம் இருந்தால் மின்சாரம் ஓடும் என்று ஊருக்கெல்லாம் கருவி செய்கிறோம். சந்தனத்திலும் ஓடும். பொட்டு எங்கள் கண்ணுக்கு உறுத்தவே இல்லை. ஆயுத பூஜைக்குப் பின் ஃப்ரிட்ஜில் பொட்டு, ஸ்கூட்டரில் பொட்டு, வாஷிங் மெஷினில் பொட்டு. யார் அதைப் பார்க்கிறார்கள்?

"அப்ப புதன்கிழமை..." என்று அவளைப் பார்த்தேன்.

"புதன்கிழமை பொட்டு காஞ்சு உதிர்ந்திருக்கும். அத்தை வெள்ளிக்கிழமை மட்டும்தான் வைப்பாங்க" என்றாள் மெதுவாக.

வெள்ளிக்கிழமை மட்டும்! தினமும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? அந்த நேரம் பார்த்து மாமியார் கதவருகில் வந்து நின்றார். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும்.

"என்ன அம்மிணி, பாசாயிருச்சா?"

"அத்தை, இந்தப் பொட்டு நீங்க வெச்சதா?"

"ஆமா. ஏனம்மிணி? ரெண்டு கண்ணாட்டம் இருக்குதே, நடுவுல நெத்தின்னு வெச்சேன்." அருகில் வந்து, யாருக்கோ கேட்டுவிடப்போகிறது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கெழமைன்னா நீ போர்டக் கொண்டாறே. வெடியால எந்திரிச்சு தலைக்கு ஊத்திட்டு வெச்சுப் போடுவேன். அத்தனை தொலைவுலிருந்து புள்ள மடியில வெச்சுட்டு வருது, பாசாகோணும் சாமின்னு. எனக்கு வேறென்ன தெரியும்?"

இத்தனை வாரமும் நான் கண்டு வெந்துகொண்டிருந்த பொட்டு எனக்காக வைத்தது. எனக்காக வைத்து, என்னையே பெயிலாக்கியிருக்கிறது. சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷி இனிமேல் சந்தனக் கிண்ணத்தையே தொட மாட்டார். சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் வைப்பார்.

என் ஓரகத்தி முந்திக்கொண்டாள். "அத்தை, அது கண்ணு இல்ல. அது வாய். சாப்பிடற எடம். நெத்தி மேல இருக்கு பாருங்க" என்று டீ கப்பை எடுத்துவிட்டு மீட்டரின் மேல் விளிம்பைக் காட்டினாள். "இங்க வைங்க."

"அட, வாயிலயா வெச்சுட்டிருந்தேன்?" என்று மாமியார் சிரித்துவிட்டார். "இத முன்னாலயே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனார்.

எப்படிச் சொன்னாள் பாருங்கள்! அரை நிமிடத்தில், ஒருவர் மனசும் நோகாமல். தமிழே தடவித் தடவிப் பேசுகிறவளுக்கு அது எங்கிருந்து வந்தது? எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பித்தளை முனைகளை அவள் துடைத்தாள். காயவிட்டோம். எதையும் மாட்டாமல் பார்த்தோம், எண் போய்விட்டது. என் போர்டில் வைத்தாள். பெரிய எண், கடைசி இலக்கம் வரை அசையாமல். அடுத்ததும் அப்படியே. பூச்சு பூசியது, பூசாதது, வடிவம் மாற்றியது, மாற்றாதது எல்லாமே பாஸ். கடைசியாக அவள் போர்டு. அதுவும் பாஸ். எனக்குள் கூட்டல் கழித்தல் ஓடியது. இரண்டும் பாஸ் என்றால் யாருக்கு ஆர்டர்? அவர் தாயிக்குத்தானே கொடுப்பார்? பேச்சு, பழக்கம், மீட்டர் எல்லாம் அவளிடம் இருக்கிறது. இதுவரை பெயில், இன்று பாஸ் என்று நான் போய் நின்றால், என் இந்தியில் சந்தனத்தை எப்படி விளக்குவேன்? என் அறையைக் காலி செய்கிற மாதிரியே தெரிந்தது.

அவள் போனை எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தாள். எனக்கு மராத்தி அரைகுறைதான், ஆனாலும் புரிந்தது. "சூக் மாஜி" என்று ஆரம்பித்தாள். தப்பு என்னுடையது. என் மீட்டரின் முனைகளில் அழுக்கு படிந்திருந்தது, நான் கவனிக்கவில்லை, இத்தனை வாரம் உங்களுக்கு அனுப்பியது எல்லாம் தப்பான எண்கள். அக்காவுடைய போர்டு முதலிலிருந்தே சரி. என் போர்டும் அவருடைய வடிவம்தான், அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மாமியாரைப் பற்றியும் சந்தனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அவர் என்னவோ கடுகடுத்தார், உங்களை நம்பித்தானே இருந்தேன் என்கிற மாதிரி. அவள் "ஹோ, ஹோ" என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டாள். தாயி என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிறகு என்னிடம், "மேடம், ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனா அளவெல்லாம் இனிமே வேற எங்கயாவது பாத்துக்குங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆர்டர் வந்துவிட்டது. அறை என் அறை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான். "சாப்பிட்டுட்டுப் போங்க அக்கா" என்றாள் அவள்.

மாமியார் எங்கள் இருவருக்கும் பரிமாறிவிட்டு, ஆர்டர் செய்தியை ஊருக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "என்ற பெரிய மருமவ" என்று அவர் ஆரம்பிப்பது உள்ளே வரை கேட்டது. அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

"நீங்க இனிமே சொந்த மீட்டர் வாங்கிடுவீங்க, இல்ல அக்கா?"

"வாங்கணும். அவரே சொல்லிட்டாரே."

"அச்சா" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மீட்டர் என்னுது. வீடும் என்னுது. அத்தை இங்கதான் இருக்காங்க. வாரம் பூரா நான் இதுலதான் அளக்கறேன். என் வேலை பாஸாகணும்னு ஒரு நாள்கூட அவங்க பொட்டு வெச்சதில்ல. வெள்ளிக்கிழமை காலைல அவங்க சந்தனம் கரைக்கறப்பெல்லாம், அது எனக்காக இல்லன்னு எனக்குத் தெரியும்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் சரக்கு. இந்த லிஃப்டில் ஏறும்போதெல்லாம் நான் சுமந்துகொண்டு வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் இவளிடமும் இருந்திருக்கிறது. எனக்கு என்ன தோன்ற வேண்டும்? ஐயோ பாவம் என்றுதானே? இல்லை. அப்பாடா என்றிருந்தது. நான் மட்டும் இல்லை, இவளும்தான் என்று மனசு குளுகுளுவென்று ஆனது. ஒரு வாய் சோறு எடுத்து வைத்தேன்.

அதை மெல்லும்போதுதான் உறைத்தது. இதையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவள் அந்தப் போனைச் செய்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், என் மீட்டரும் என் போர்டும் அவள் ஆர்டரும் என் கையில் இருந்திருந்தால், போனை எடுத்திருக்கவே மாட்டேன். புரையேறிவிட்டது. அவள் எழுந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.